விமான எரிபொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப் பராமரிப்பு படிக்க வரும் பிள்ளைகளும் ஊருக்குப் போய்வரும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எரிபொருளை என்ஜினுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதில் சுலபமான பகுதி. எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்று கடைசி நிமிடம் வரை தெரிந்து வைத்திருப்பதுதான் கடினம். கீழே வரும் விபத்துகளில் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ப்ளேன்ல ஊத்துறது பெட்ரோலா, மண்ணெண்ணெயா?

ஜெட் விமானங்களுக்குப் போடுவது நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய் வகை. இந்தியாவில் எல்லோரும் ஏடிஎஃப் என்பார்கள். அதன் சர்வதேசத் தரப்பெயர் ஜெட் ஏ-1. தண்ணீர் போலவோ லேசான வைக்கோல் நிறத்திலோ இருக்கும். குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு வந்தால்தான் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். பெட்ரோல் பூஜ்யத்துக்கு வெகு கீழேயே ஆவி விடும் என்பதால், ஆயிரக்கணக்கான லிட்டரைப் பயணிகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மண்ணெண்ணெய்தான் பாதுகாப்பு.

பறக்கும் பயிற்சிப் பள்ளிகளில் இருக்கும் பிஸ்டன் என்ஜின் விமானங்கள் பலவற்றுக்கு ஏவ்கேஸ் என்ற தனிப் பெட்ரோல். மாற்றி ஊற்றிவிடக் கூடாது என்பதற்காகவே அதற்கு நீலச் சாயம் கலக்கிறார்கள்.

இறக்கைக்குள்ள போய் ஏன் வைக்கணும்? கீழே இடமில்லையா?

கீழே இடம் இருக்கிறது, அது சாமான்களுக்கு வேண்டும். ஆனால் முக்கியமான காரணம் வேறு. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கித் தூக்குகிறது, நடுவில் இருக்கும் உடல் கீழ்நோக்கி இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து இறக்கை உடலோடு சேரும் இடத்தை வளைக்கப் பார்க்கும். இறக்கைக்குள் எரிபொருளின் எடை இருந்தால் அந்த வளைவு குறையும். அதனால் இறக்கையை அவ்வளவு கனமாகக் கட்ட வேண்டியதில்லை.

இதனால்தான், இரண்டு இறக்கைகளுக்கும் இடையில் உடல்பக்கம் நடுத்தொட்டி என்று ஒன்றும் இருக்கும் விமானங்களில் அதை முதலில் காலி செய்கிறார்கள், இறக்கையில் இருப்பதைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறார்கள். ஏர்பஸ் ஏ320 விமானத்தின் பல மாதிரிகளில் இறக்கைத் தொட்டியே உள், வெளி என்று இரண்டு அறையாக இருக்கும். உள்ளறையில் சுமார் 750 கிலோ மட்டும் மிஞ்சும்போதுதான் வெளியறை வால்வு திறந்து அதில் இருப்பது உள்ளே இறங்கும். விமானத்தின் எடை வரம்புகளில் ‘எரிபொருள் இல்லாத எடை’ என்று ஒன்று தனியாக இருப்பதும் இதே காரணத்தால்தான். உடலில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வளைவைக் கூட்டும், இறக்கையில் ஏற்றும் கிலோ குறைக்கும்.

இறக்கைக்குள்ள தனியா ஒரு டேங்க் வெச்சிருப்பாங்களா?

பெரிய விமானங்களில் கிடையாது. இறக்கையின் சட்டகமேதான் தொட்டி. முன்னும் பின்னும் ஓடும் இரண்டு நீளமான உத்தரங்கள், மேல்தகடு, கீழ்த்தகடு, இவற்றுக்கு நடுவில் உள்ள பெட்டிப் பகுதியின் ஒவ்வொரு இணைப்பிலும் ஒவ்வொரு ஆணித்தலையிலும் ரப்பர் போன்ற அடைப்புப்பசை பூசியிருப்பார்கள். ஏ320-இல் சுமார் 24,000 லிட்டர் பிடிக்கும். போயிங் 737-800-இல் சுமார் 26,000. ஏ380-இல் ஏறக்குறைய 3,20,000 லிட்டர்.

கசிவு வந்தால் ஆள் உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். இறக்கையின் அடித்தகட்டில் முட்டை வடிவத்தில் சிறு வாய்கள் இருக்கும். எரிபொருளை வடித்து, மணிக்கணக்காகக் காற்று செலுத்தி, வாயு அளவைச் சோதித்த பிறகு பருத்தி உடையோடு ஒருவர் அதற்குள் தோளைக் குறுக்கி நுழைவார். வெளியே ஒருவர் விடாமல் அவரோடு பேசிக்கொண்டே இருப்பார். இறக்கை நுனிப்பக்கம் போகப்போக உயரம் குறைந்து, கை மட்டும்தான் போகும். இந்த வேலையைச் செய்கிறவர்களைப் பயணிகள் யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை.

உள்ளே குறுக்குத் தட்டிகளும் இருக்கும். விமானம் சாயும்போது எரிபொருள் மொத்தமும் நுனிக்கு ஓடிவிடாமல் அவை தடுக்கின்றன. அவற்றில் உள்ள மடல் வால்வுகள் உடல்பக்கம் வர மட்டும் வழிவிடும், திரும்பிப் போக விடாது. பம்ப் எப்போதும் மூழ்கியே இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது.

தொட்டியிலிருந்து என்ஜின் வரைக்கும் எப்படிப் போகுது?

தொட்டியின் அடியில் மின்சார பம்ப்புகள் இருக்கின்றன, வழக்கமாகத் தொட்டிக்கு இரண்டு. அவை எரிபொருளைக் குழாயில் தள்ளுகின்றன. இறக்கை உத்தரத்தில் ஓர் அடைப்பு வால்வு. அதைத் தாண்டினால் என்ஜினின் சொந்த பம்ப். அது என்ஜின் சுழல்வதாலேயே சுழல்வது. வழியில் ஒரு வெப்பமாற்றி வரும். சூடான என்ஜின் ஆயில் அங்கே எரிபொருளைச் சூடாக்கித் தான் குளிரும். பிறகு வடிகட்டி, உயர் அழுத்த பம்ப், அளவிட்டுக் கொடுக்கும் கருவி, இன்னோர் அடைப்பு வால்வு, கடைசியாக எரியறைக்குள் தெளிக்கும் முனைகள்.

பைலட் தள்ளும் லீவர் நேராக எந்தக் குழாயையும் திறப்பதில்லை. ‘இவ்வளவு விசை வேண்டும்’ என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. காற்றின் அழுத்தம், வெப்பம், சுழலும் வேகம் எல்லாம் பார்த்து எவ்வளவு எரிபொருள் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது.

நடுத்தொட்டி முதலில் காலியாக வேண்டும் என்றேன் அல்லவா? 737-இல் அதற்கான வழி மிக எளிமையானது. நடுத்தொட்டி பம்ப்புகளின் அழுத்தம் இறக்கை பம்ப்புகளின் அழுத்தத்தைவிட அதிகம். எல்லாம் ஒன்றாக ஓடினாலும் அதிக அழுத்தம் உள்ளதுதான் குழாயில் முந்தும். அது தீர்ந்ததும் இறக்கையிலிருந்து தானாக வரத் தொடங்கும்.

பம்ப் நின்னுபோச்சுன்னா என்ஜினும் நின்னுடுமா?

ஒரு பம்ப் நின்றால் பக்கத்துப் பம்ப் போதும். தொட்டியில் இருக்கும் எல்லாமே நின்றாலும் என்ஜினின் சொந்த பம்ப் இறக்கைத் தொட்டியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். சிக்கல் உயரத்தில்தான். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைந்து, எரிபொருளில் கரைந்திருக்கும் காற்று குமிழியாக வெளியே வரும். குமிழியை உறிஞ்சினால் என்ஜின் திணறும். அதனால் அந்த நிலையில் இத்தனை அடிக்குக் கீழே இறங்கு என்று கையேட்டில் எழுதியிருக்கும்.

எவ்வளவு இருக்குன்னு பைலட்டுக்கு எப்படித் தெரியும்? பைக்ல மாதிரி மிதவையா?

சில சிறு விமானங்களில் மிதவை உண்டு. பெரியவற்றில் தொட்டி முழுக்க நின்றவாக்கில் குழாய்கள் இருக்கும், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. இடையில் காற்று இருந்தால் ஒரு மின் கொள்திறன் (மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் அளவு), எரிபொருள் இருந்தால் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. இந்த வித்தியாசத்தை வைத்து ஒவ்வோர் இடத்திலும் மட்டம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் அறியும். தொட்டியின் வடிவம் அதற்கு மனப்பாடம். அடர்த்தியைத் தனியே அளந்து சேர்த்து எடையைச் சொல்லும்.

மின்சாரமே இல்லாமலும் அளக்கலாம். இறக்கையின் அடியில் காந்தக் கோல்கள் உண்டு. பூட்டைத் திருப்பி இறக்கினால், உள்ளே மிதக்கும் காந்தம் பிடித்த இடத்தில் கோல் நிற்கும். எண்ணைப் படித்து அட்டவணையில் பார்க்க வேண்டியதுதான். இதுபோக, பைலட்டுகள் தனியாக ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். புறப்பட்டபோது இருந்தது, இதுவரை என்ஜின் குடித்தது, இப்போது காட்டுவது: மூன்றும் ஒத்துப்போகிறதா என்று வழி முழுக்கப் பார்ப்பார்கள்.

ஏன் லிட்டர்ல சொல்லாம கிலோவுல சொல்றாங்க?

என்ஜினுக்குக் கிடைக்கும் சக்தி எடையைப் பொறுத்தது. லிட்டர் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். 20 டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 2 சதவீதம் மாறிவிடும். தரநிர்ணயத்தின்படியே ஜெட் ஏ-1 ஒரு லிட்டர் 15 டிகிரியில் 775 கிராமிலிருந்து 840 கிராம் வரை இருக்கலாம். ஆனால் லாரியின் மீட்டர் லிட்டரில்தான் ஓடும். ஆக, ஒவ்வொரு முறையும் யாராவது பெருக்கியோ வகுத்தோ ஆக வேண்டும்.

அந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1983 ஜூலை 23 சாட்சி. கனடாவில் அப்போது பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஏர் கனடாவின் புது போயிங் 767, மாண்ட்ரியாலிலிருந்து எட்மண்டனுக்கு. எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை, அதனால் கோல் விட்டுப் பார்த்தார்கள்: 7,682 லிட்டர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.803-ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் பழக்கத்தில் 1.77-ஆல் பெருக்கினார்கள், அது பவுண்டுக்கான எண். வந்த விடை 13,597. அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு, மீதிக்கு 4,917 லிட்டர் மட்டும் போட்டார்கள். உண்மையில் போட வேண்டியிருந்தது 20,088 லிட்டர். வழியில் ஒட்டாவாவில் இறங்கியபோது மறுபடியும் அளந்தார்கள், அதே தப்பான எண்ணோடு.

41,000 அடியில் பறந்துகொண்டிருந்தபோது எச்சரிக்கை வந்தது, அடுத்தடுத்து இரண்டு என்ஜினும் நின்றன. கேப்டன் ராபர்ட் பியர்சன், என்ஜின் இல்லாமல் பறக்கும் கிளைடர் ஓட்டிப் பழகியவர். துணை பைலட் மாரிஸ் குவின்டல் முன்பு விமானப்படையில் இருந்தபோது கிம்லி என்ற தளத்தை அறிந்தவர். கைவிடப்பட்ட அந்த ஓடுபாதையில், கார் பந்தயம் நடந்துகொண்டிருந்த நாளில், விமானத்தை இறக்கினார்கள். 69 பேரும் உயிர் பிழைத்தார்கள். என் வகுப்பில் இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். 1.77 என்று எழுதும்போது அது எவ்வளவு சரியான எண்ணாகத் தோன்றுகிறது என்பதைக் கையால் உணர வேண்டும்.

எதுக்கு இந்தக் கணக்கெல்லாம், முழுசா நிரப்பிட்டுப் போனா நல்லதுதானே?

எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் செலவாகும். கூடுதலாக ஒரு டன் ஏற்றினால், அதைச் சுமப்பதற்கே மணிக்கு ஏறக்குறைய 30, 40 கிலோ எரியும். தவிர, இறங்கும்போது இருக்கலாகும் எடைக்கு வரம்பு உண்டு. ஒரு ஏ320 மணிக்குச் சுமார் இரண்டரை டன் குடிக்கும். சென்னையிலிருந்து டெல்லிக்குத் தொட்டியை நிரப்பிக்கொண்டு போனால் பாதிக்கு மேல் சும்மா சுமந்து போகிற கதைதான்.

அதற்காகக் கணக்காக ஊற்றிக்கொண்டும் போக முடியாது. பயணத்துக்கு வேண்டியது, காற்று மாறினால் என்று அதில் ஒரு பங்கு கூடுதல், இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையம் போவதற்கு, இதற்கெல்லாம் மேலே 1,500 அடியில் 30 நிமிடம் சுற்றுவதற்கு. அந்தக் கடைசி 30 நிமிடத்தைத் தொடும் நிலை வந்தால் பைலட் ‘மேடே ஃபியூயல்’ என்று அறிவிக்க வேண்டும். அந்தத் தெளிவான சொல் எவ்வளவு முக்கியம் என்பதை 1990 ஜனவரி 25-இல் நியூயார்க்கில் பார்த்தோம். கொலம்பியாவின் அவியாங்கா நிறுவனத்தின் 52-ஆம் எண் விமானம் மோசமான வானிலையில் இறங்க நெடுநேரம் காத்திருந்தது. ‘எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது’ என்றார்கள், ‘அவசரநிலை’ என்று சொல்லவில்லை. 73 பேர் இறந்தார்கள்.

வேண்டுமென்றே கூடுதலாக நிரப்புவதும் உண்டு, போகும் ஊரில் விலை அதிகம் என்றால் அல்லது கிடைக்காது என்றால். 2022-இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, கொழும்பிலிருந்து கிளம்பிய நீண்டதூர விமானங்கள் திருவனந்தபுரம், கொச்சி போன்ற இடங்களில் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின.

எரிபொருள் நிரப்பும்போது சீட் பெல்ட்டைக் கழற்றச் சொல்றாங்களே, ஏன்?

ஏதாவது ஆனால் உடனே எழுந்து ஓட. அவ்வளவுதான். பயணிகள் உள்ளே இருக்கும்போது நிரப்பலாம், ஆனால் கதவுப் பக்கம் வழி மறிக்கக் கூடாது, ஊழியர் தயாராக இருக்க வேண்டும். நிரப்பும் வண்டிக்கும் விமானத்துக்கும் முதலில் ஒரு கம்பியை மாட்டுவார்கள். குழாயிலும் வடிகட்டியிலும் வேகமாக ஓடும்போது எரிபொருளில் நிலைமின்சாரம் சேரும், அது பொறியாகப் பாயக் கூடாது. பிறகு இறக்கையின் அடியில் ஒரே இடத்தில் தடிமனான குழாயைப் பூட்டி, அழுத்தத்தோடு ஏற்றுவார்கள். எந்தத் தொட்டிக்கு எவ்வளவு என்று வால்வுகள் பார்த்துக்கொள்ளும்.

தொட்டிக்குள்ள தண்ணி எப்படி வருது? யாரும் ஊத்தலையே?

காற்றிலிருந்து. எரிபொருள் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி நசுங்கிவிடும். அதற்காக இறக்கை நுனிப்பக்கம் அடியில் திறப்பு இருக்கும். குளிர்ந்த தொட்டியோடு சென்னை போன்ற ஈரமான ஊரில் இறங்கினால், உள்ளே வரும் காற்றின் ஈரம் வியர்த்துத் தண்ணீராகும். எரிபொருளிலேயே கொஞ்சம் கரைந்தும் இருக்கும், குளிரும்போது பிரியும்.

தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும். அதை வடிக்க இறக்கையின் தாழ்வான இடங்களில் சிறு வால்வுகள் உண்டு. விமானம் கொஞ்ச நேரம் அசையாமல் நின்ற பிறகு, கண்ணாடி ஜாடியை அடியில் வைத்து வால்வை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஜாடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு சுழற்று சுழற்றினால் அடியில் முத்து முத்தாய் உருண்டு ஓடுவது தண்ணீர். தெளிவாக, மினுமினுப்பாக இருந்தால் நல்லது. ஜாடி முழுக்கத் தண்ணீராகவே வந்தால் கோடு தெரியாது, பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். புது ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். மோந்து பார், அல்லது தண்ணீர் பட்டால் நிறம் மாறும் சோதனைக் குப்பியைப் போடு என்று அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வடிக்காமல் விட்டால் இன்னொரு தொல்லை. தண்ணீரும் எரிபொருளும் சந்திக்கும் கோட்டில் பூஞ்சை வளரும். மண்ணெண்ணெயைத் தின்றே வாழும். பழுப்பான கூழாகப் படர்ந்து வடிகட்டியை அடைக்கும், அளக்கும் குழாய்களைக் குழப்பும், அலுமினியத்தை அரிக்கும்.

மேலே மைனஸ் 50 டிகிரின்னு திரையில காட்டுதே. உறைஞ்சு போகாதா?

ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரி வரை உறையாது. அமெரிக்காவில் கிடைக்கும் ஜெட் ஏ மைனஸ் 40. வெளிக்காற்று அதைவிடக் குளிராக இருந்தாலும், விமானத்தின் வேகத்தில் காற்று உரசி இறக்கை கொஞ்சம் சூடாகும்; டன் கணக்கான எரிபொருள் குளிர மணிக்கணக்காகும். துருவப் பக்கம் நீண்ட பயணத்தில் பைலட்டுகள் இந்த வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே போவார்கள். உறைநிலையை நெருங்கினால் கீழே இறங்குவார்கள் அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள்.

எரிபொருள் உறையாமலே ஆபத்து வரலாம் என்று காட்டியது 2008 ஜனவரி 17. பெய்ஜிங்கிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 38, போயிங் 777. முந்தைய பதிலில் சொன்ன கரைந்த தண்ணீர், குளிரில் பிரிந்து, குழாய்ச் சுவரில் மெல்லிய பனியாக ஒட்டிக்கொண்டே வந்தது. இறங்கும் நேரத்தில் என்ஜின்கள் அதிக எரிபொருள் கேட்டபோது, பனி மொத்தமாகப் பெயர்ந்து வெப்பமாற்றியின் முகத்தில் போய் அடைத்தது. எரிபொருளைச் சூடாக்க வைத்த கருவியே அடைபட்டது. இரண்டு என்ஜினும் விசை இழந்து, ஓடுபாதைக்குச் சில நூறு மீட்டர் முன்பே விமானம் தரையில் மோதியது. 152 பேரில் யாரும் இறக்கவில்லை. வெப்பமாற்றியின் முகத்தில் நீட்டிக்கொண்டிருந்த சிறு குழாய் நுனிகளில்தான் பனி தங்கியது. பின்னர் அந்த முகத்தைச் சமதளமாக மாற்றினார்கள்.

டேங்க் வெடிக்குமா?

நிறைந்த தொட்டியைவிடக் காலியான தொட்டிதான் ஆபத்து, ஏனென்றால் வெடிப்பது ஆவியும் காற்றும் கலந்த கலவை. 1996 ஜூலை 17-இல் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் கிளம்பிய டிடபிள்யூஏ 800, போயிங் 747. நடுத்தொட்டியில் கொஞ்சம்தான் எரிபொருள் இருந்தது. அதற்கு நேர் கீழே ஏசி இயந்திரங்கள் ஓடி அதைச் சூடாக்கின. முதல் கேள்வியில் சொன்ன 38 டிகிரியை நினைவில் வையுங்கள். தொட்டிக்கு வெளியே நடந்த மின்கசிவு, அளவு காட்டும் கம்பிகள் வழியாக உள்ளே போயிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. 230 பேரும் இறந்தார்கள்.

அதுவரை ‘பொறி வராமல் பார்த்துக்கொண்டால் போதும்’ என்று இருந்தார்கள். பிறகு ஆவியையே எரியாததாக்க வேண்டும் என்று முடிவானது; 2008-இல் அமெரிக்காவில் விதி வந்தது. இப்போது பல விமானங்களில், என்ஜினிலிருந்து எடுக்கும் காற்றையோ வேறு அழுத்தக் காற்றையோ நுண்குழாய்ச் சல்லடைக்குள் விட்டு ஆக்சிஜனைப் பிரித்துவிட்டு, நைட்ரஜன் மிகுந்த காற்றைத் தொட்டிக்குள் செலுத்துகிறார்கள். ஆக்சிஜன் 12 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தீ பிடிக்காது.

ஒரு பக்க இறக்கையில மட்டும் குறைஞ்சா சாயாதா?

கொஞ்சம் சாயப் பார்க்கும், சமாளிக்கலாம். இரண்டு பக்கக் குழாய்களையும் இணைக்கும் குறுக்கு வால்வு ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து, நிறைந்த பக்கத்திலிருந்தே இரண்டு என்ஜினுக்கும் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் சமமாகிவிடும். ஆனால் திறப்பதற்கு முன் ‘ஏன் குறைந்தது?’ என்று கேட்க வேண்டும்.

2001 ஆகஸ்ட் 24, ஏர் டிரான்சாட் 236. டொராண்டோவிலிருந்து லிஸ்பனுக்கு ஏ330. வலது என்ஜினில் எரிபொருள் குழாயும் ஹைட்ராலிக் குழாயும் (அழுத்தத் திரவத்தால் பாகங்களை இயக்கும் அமைப்பின் குழாய்) உரசி, எரிபொருள் குழாய் பிளந்துவிட்டது. பைலட்டுகள் கண்டது சமநிலைக் குறைவை மட்டும். குறுக்கு வால்வைத் திறந்தார்கள், நல்ல பக்கத்து எரிபொருளும் அதே பிளவு வழியாக அட்லாண்டிக்கில் போனது. இரண்டு என்ஜினும் நின்றன. சுமார் 19 நிமிடம் காற்றில் மிதந்தே வந்து அசோர்ஸ் தீவில் இறக்கினார்கள். 306 பேரும் தப்பினார்கள். இறக்கிய திறமை பெரிது. ஆனால் மாணவர்களுக்கு நான் சொல்வது அதற்கு முந்தைய அரை மணி நேரத்தைத்தான்: இருந்தது, குடித்தது, காட்டுவது என்ற மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் அது கசிவு.

எரிபொருளை வெச்சே பேலன்ஸ் பண்ணுவாங்களாமே?

ஆமாம். 2003 வரை பறந்த கான்கார்ட் பயணிகள் விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது தூக்குவிசையின் மையம் பின்னால் நகரும். 13 தொட்டிகளுக்குள் எரிபொருளைப் பின்பக்கம் பம்ப் செய்து எடையின் மையத்தையும் பின்னால் கொண்டுபோவார்கள். வேகம் குறையும்போது திரும்ப முன்னால். இன்று பல ஏ330 விமானங்களில் வால் இறக்கையிலும் தொட்டி இருக்கிறது. மையத்தைக் கொஞ்சம் பின்னால் வைத்தால் காற்றின் எதிர்ப்பு குறைந்து எரிபொருள் மிச்சம்.

திருச்சியில அன்னைக்கு அத்தனை நேரம் ஏன் சுத்துச்சு? எரிபொருளைக் கொட்டியிருக்கலாமே?

2024 அக்டோபர் 11. திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. டிவியில் நேரலை ஓடி, ஊரே பதறியது. அது போயிங் 737. அந்த விமானத்தில் எரிபொருளைக் கொட்டும் வசதியே கிடையாது, ஏ320-இலும் கிடையாது. 737-800 சுமார் 79 டன் வரை எடையோடு கிளம்பலாம், ஆனால் சுமார் 66 டன்னுக்குள் இறங்க வேண்டும். உடனே இறங்கியாக வேண்டிய ஆபத்து என்றால் கூடுதல் எடையோடும் இறங்கலாம். அவ்வளவு அவசரம் இல்லை என்றால், எரித்துக் குறைப்பதுதான் வழி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றிப் பத்திரமாக இறங்கினார்கள். பார்ப்பவர்களுக்குப் பயமாக இருந்தது உண்மை. பைலட்டுகள் செய்தது நிதானமான, சரியான வேலை.

அப்போ கொட்டுற விமானங்கள்ல, அது நம்ம தலையில விழுமா?

777, 747, ஏ380 போன்ற பெரியவற்றில் இறக்கையின் பின்விளிம்பில் கொட்டும் வாய்கள் உண்டு. சில ஆயிரம் அடி உயரத்தில், மக்கள் இல்லாத பக்கம் கொட்டினால் தரையைத் தொடுமுன் பெரும்பாலும் ஆவியாகிவிடும். தாழ்வாகக் கொட்டினால் விழும். 2020 ஜனவரி 14-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அவசரமாகத் திரும்பிய டெல்டா 89 அப்படிக் கொட்டியது பள்ளிக்கூடங்கள் மேலே விழுந்து, பிள்ளைகளுக்குத் தோல், கண் எரிச்சல் வந்தது.

அகமதாபாத்துல சுவிட்ச்னு சொன்னாங்களே, அது என்ன?

2025 ஜூன் 12-இல் அகமதாபாத்தில் நடந்த ஏர் இந்தியா விமான விபத்துக்குப் பிறகு என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். நான்காவது கேள்வியில் இரண்டு அடைப்பு வால்வுகளைச் சொன்னேன்: ஒன்று இறக்கை உத்தரத்தில், இன்னொன்று என்ஜினில். அவற்றைத் திறந்து மூடும் ஆணை, ஒவ்வொரு என்ஜினுக்கும் உள்ள ஒரு சுவிட்சிலிருந்து போகிறது. என்ஜினைக் கிளப்பவும் நிறுத்தவும், தீப்பிடித்தால் உடனே எரிபொருளைத் துண்டிக்கவும் அது வேண்டும். கை தவறிப் பட்டு நகராதபடி, மேலே தூக்கி ஒரு மேட்டைத் தாண்டித்தான் மாற்ற முடியும் என்ற அமைப்பு.

கிளம்பிய சில விநாடிகளில் இரண்டு சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் துண்டிப்பு நிலைக்குப் போனதாகவும், பின்னர் இரண்டும் திரும்பப் போடப்பட்டதாகவும் ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கை சொன்னது. ஒரு பைலட் ‘ஏன் துண்டித்தாய்?’ என்று கேட்க, மற்றவர் தான் செய்யவில்லை என்று பதில் சொன்னது பதிவாகியிருக்கிறது. எப்படி நடந்தது என்று அந்த அறிக்கை முடிவு சொல்லவில்லை, அதைத் தாண்டி நானும் எதுவும் சொல்லமாட்டேன். 260 குடும்பங்களின் துக்கம் அது.

திரும்பப் போட்டும் ஏன் பயனில்லை என்பதற்கு மட்டும் பதில் இருக்கிறது. வால்வுக்குப் பின்னால் குழாயில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம், அதனால் துண்டித்ததும் தீ அணைந்துவிடும். மறுபடி எரிய வைத்தாலும், சுழற்சி இறங்கிப்போன என்ஜின் முழு விசைக்கு வர நேரம் வேண்டும். ஒரு என்ஜின் மீளத் தொடங்கியிருந்தது. சில நூறு அடி உயரத்தில் அந்த நேரம் இல்லை. 35,000 அடியில் நடந்திருந்தால் கதை வேறு; கிம்லியும் அசோர்ஸும் சாத்தியமானது உயரம் கையில் இருந்ததால்தான்.

சமையல் எண்ணெயில இருந்து எரிபொருள் செய்றாங்களாமே, அதை அப்படியே ஊத்தலாமா?

இப்போதைக்குக் கலந்துதான். பயன்படுத்திய எண்ணெய், கொழுப்பு போன்றவற்றிலிருந்து செய்யும் விமான எரிபொருளை வழக்கமான ஏடிஎஃப்போடு, செய்முறைக்கேற்ப அதிகபட்சம் 50 சதவீதம் வரை சேர்க்கலாம் என்பது தரவிதி. எரிவதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை ரப்பர் வளையங்களில். வழக்கமான மண்ணெண்ணெயில் நறுமணச் சேர்மங்கள் என்ற ஒரு வகை இருக்கிறது. அது குழாய் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்களைக் கொஞ்சம் உப்ப வைக்கும், அந்த உப்பலில்தான் இணைப்பு இறுகி நிற்கிறது. எண்ணெயிலிருந்து செய்ததில் அது ஏறக்குறைய இல்லை. பல ஆண்டு உப்பியே இருந்த பழைய வளையம் சுருங்கினால் கசியும். அடர்த்தியும் குறைவு என்பதால் லிட்டர், கிலோ கணக்கிலும் கவனம் வேண்டும்.

2023 நவம்பர் 28-இல் வர்ஜின் அட்லாண்டிக்கின் 787 ஒன்று, துளி பெட்ரோலிய மண்ணெண்ணெய் இல்லாமல் லண்டனிலிருந்து நியூயார்க் போனது. அதில் 88 சதவீதம் கழிவு எண்ணெய், கொழுப்பு வகையிலிருந்து செய்தது. மீதி 12 சதவீதம், அந்த நறுமணச் சேர்மங்களுக்காகவே தாவரச் சர்க்கரையிலிருந்து தனியாகச் செய்து கலந்தது.